பளபளக்கும் ரிம்மும் அடியில் தேயும் புஷ்ஷும்

ஊர்த் தம்பிமாருக்கும், வெளிநாட்டிலிருந்து அவர்களுக்குக் காசு அனுப்பும் நானாமாருக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் கிடந்த வாகனங்களையே நாம் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினோம். இப்போதும் புதிய வாகனத்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. அதனால் பதினைந்து, இருபது வயதான ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. மஸ்டா ஆர்எக்ஸ்-8, நிசான் சில்வியா, பழைய பி.எம்.டபிள்யூ. என்று ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அந்த ஆசையை நாங்கள் குறை சொல்லவில்லை.

வாங்கியதும் என்ன நடக்கிறது? ரிம் மாறுகிறது. தெருவே அதிரும் சைலன்சர் வருகிறது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகிறார்கள். காரின் பின்பாகத்தைத் தாங்கி நிற்கும் இறப்பர் புஷ் என்ன நிலையில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவரைத்தான் காணோம்.

எங்கள் கருத்து இதுதான். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செலவழிக்கும் முதல் காசு அந்தப் புஷ்ஷுக்குப் போக வேண்டும். றோட்டில் ஓடும் காருக்கு, கம்பெனி போட்ட அதே வகைப் புதிய இறப்பர் புஷ் போதும். கடினமானதைப் போட்டால்தான் அப்கிரேட் என்பது பிழையான எண்ணம்.

விளங்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். பின்பக்கச் சப்-பிரேம் என்பது காருக்கு அடியில் இருக்கும் ஓர் இரும்புச் சட்டம். பின்சில்லுகளைப் பிடிக்கும் ஆர்ம்களும் டிபரன்ஷலும் அதில்தான் பூட்டப்பட்டிருக்கும். சில்வியாவிலும் பி.எம்.டபிள்யூ. ஈ46இலும் அந்தச் சட்டம் நாலு இடத்தில் பொடியோடு போல்ட் போட்டு இணைக்கப்படுகிறது. ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் தடித்த இறப்பர் புஷ் ஒன்று இருக்கும். பள்ளத்தில் விழும் அடியையும் டிபரன்ஷலின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். சட்டம் இடம் மாறாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

இறப்பருக்கும் வயது உண்டு. வெயிலும் சூடும் அதைக் காய வைத்து வெடிக்கச் செய்யும். எண்ணெய் கசிந்து பட்டால் ஊதி, பிசுபிசுத்து, பலம் இழக்கும். அதன் பிறகு எக்சலேட்டரை மிதிக்கும்போது சில்லு மட்டும் தள்ளாது; சட்டமே நகரும். சட்டம் நகர்ந்தால் பின்சில்லுகள் பார்க்கும் திசையும் மாறும். ஸ்டியரிங் நேராக இருக்க, காரின் பின்பக்கம் தனக்கு ஒரு வழி பார்க்கும்.

நேரான காய்ந்த றோட்டில் இது பெரிதாகத் தெரியாது. மழை பெய்த வளைவில், வேகமாக வந்து சட்டென்று காலை எடுத்தால் தெரியும். நம் பிள்ளைகளில் அநேகமானோர் முன்சில்லு இழுக்கும் கார்களிலேயே ஓடப் பழகியவர்கள். பின்சில்லு தள்ளும் காரின் பின்பக்கம் விலகினால் அதைத் திருப்பி எடுக்க எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே இந்த அடையாளங்களைக் கவனியுங்கள். கியரை டீயிலிருந்து ஆருக்கு மாற்றும்போது, அல்லது கிளச்சை விடும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். லேன் மாறும்போது வால் ஒரு கணம் பிந்தி ஆடுவது. வீல் எலைன்மன்ட் செய்த பிறகும் பின் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்வது. புஷ்ஷின் விளிம்பில் வெடிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காரைத் தூக்கிப் பாருங்கள்.

இனி அப்கிரேட் விஷயத்துக்கு வருவோம். சந்தையில் மூன்று வகை இருக்கிறது: இறப்பர், பொலியூரித்தேன், அலுமினியம். பொலியூரித்தேன் இறப்பரை விடக் கடினம். எண்ணெய்க்குத் தாக்குப்பிடிக்கும், நீண்ட காலம் உழைக்கும். உண்மைதான். ஆனால் ஆர்ம்களில் போட்டால் உரிய கிரீஸ் பூச வேண்டும், காய்ந்தால் கீச்சிடும். பல திசைகளில் அசைய வேண்டிய ஆர்ம் ஒன்றில் அதைப் போட்டால் இறுகி, ஆர்மின் இயல்பான அசைவையே தடுக்கவும் கூடும். அலுமினியம் அசையவே அசையாது. பந்தயக் காருக்கு அது பொருத்தம். மஹகஸ்தோட்ட மலையேற்றத்துக்கோ கட்டுகுருந்தவுக்கோ காரைத் தயார் செய்பவரிடம் எங்களுக்கு வாதம் இல்லை. அவர் அதற்கென்று கார் செய்கிறார்.

நம் றோட்டுக்கு அது சரிவராது. இறப்பர் வாங்கிக்கொண்ட அடியை அலுமினியம் அப்படியே பொடிக்குக் கொடுத்துவிடும். ஈ46ஐப் பாருங்கள். 1998இல் வந்த அந்தக் காரில், சப்-பிரேம் பூட்டும் இடத்தில் பொடியின் தளத் தகடே வெடிப்பது உலகமறிந்த குறை. தகடு வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்துகிறார்கள். அதைப் பார்க்காமல், பலப்படுத்தாமல் கடினமான புஷ்ஷை மட்டும் போட்டால், தேய வேண்டிய பொருளைக் காப்பாற்றி, வெடிக்கக் கூடாத இடத்துக்குப் பாரத்தை அனுப்புகிறோம். புஷ்ஷை மாற்றலாம். பொடியை எத்தனை தடவை ஒட்டுவது?

இறப்பர் என்றால் மட்டமான சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொட பூங்காவில் இறப்பர் கன்றுகள் நடப்பட்டன. நம் நாட்டின் இறப்பர்ச் செய்கை அங்கிருந்துதான் தொடங்கியது. இழுபட்டுத் திரும்பும் குணத்திலும் அதிர்வைத் தாங்கும் குணத்திலும் அந்தப் பாலுக்கு இன்றும் மதிப்பு உண்டு. விலை கூடிய கார்க் கம்பெனிகளும் சப்-பிரேமுக்கு இறப்பர் புஷ் போடுவது காசு மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல.

ஸ்பிரிங் வெட்டும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஆர்மில் உள்ள இறப்பர் புஷ் சுழலாது. உள்ளேயும் வெளியேயும் ஒட்டியபடி முறுகித் திரும்பும். காரைத் தாழ்த்தியதும் ஆர்மின் கோணம் மாறுகிறது. சும்மா நிற்கும்போதும் அந்தப் புஷ் முறுகியபடியே நிற்கும். சீக்கிரம் கிழியும். புதிய ஆர்ம் புஷ் போடும்போதும் இதே கதைதான். சில்லு தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கக் கூடாது. காரின் பாரம் சில்லில் இருக்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு. கராஜில் நின்று இதைக் கேளுங்கள். நல்ல பாஸ் கோபப்பட மாட்டார், கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்.

வேலை நடக்கும்போதும் கவனம் வேண்டும். வெறும் ஜாக்கில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். பழைய புஷ்ஷைக் கழற்ற நெருப்பு வைத்து எரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பெட்ரோல் தாங்கி இருப்பதும் அதே பின்பக்கத்தில்தான். பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுக்கும் கராஜைத் தேடுங்கள். நாலு புஷ்ஷையும் ஒன்றாக மாற்றுங்கள். சட்டத்தை இறக்கி ஏற்றிய பிறகு எலைன்மன்ட் கட்டாயம். இது ஒரு நாள், இரண்டு நாள் வேலை. கூலி அதிகம் என்று பேரம் பேசி, அவசரப்படுத்தி அரைகுறையாகச் செய்விக்காதீர்கள்.

“வெளியில் தெரியாத சாமானுக்கு இவ்வளவு காசா?” என்று ஒரு பிள்ளை கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காரில் போவது அவர் மட்டும் இல்லை. பக்கத்து சீட்டில் கூட்டாளி இருப்பார், பின்னால் உம்மாவும் தங்கச்சியும் இருப்பார்கள். காலை ஏழேகாலுக்கு வெள்ளைச் சீருடையோடு றோட்டைக் கடக்கும் பிள்ளைகளை நாங்கள் ஒவ்வொரு நாளும் கேட்டில் நின்று பார்க்கிறோம். அந்த வளைவில் வரும் காரின் பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்குமா என்பது அவர்களுடைய உயிர் விஷயம்.

நானாமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தம்பி ரிம்முக்கும் சைலன்சருக்கும் காசு கேட்டால் மறுக்க வேண்டாம். முதலில் காரைத் தூக்கி, பின்பக்கப் புஷ் நாலையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்துவிட்டுக் காசை அனுப்புங்கள்.