அன்று லுங்கியைப் பழித்தார்கள், இன்று கைனியைப் பழிக்கிறார்கள்

"வடக்கத்தியானுக்குப் பண்பாடு தெரியாது. கைனியை மென்று கண்ட இடத்தில் துப்புகிறான். ஓர் அறையில் பத்துப் பேர் கிடக்கிறான்." திருப்பூர் பனியன் கம்பெனி வாசலிலும் கோவை மில் கேட்டிலும் இப்படி ஒரு பிரசாரம் நடக்கிறது. காவிரிப் பாசனத்தில் நாற்று நட மேற்கு வங்கத்து ஆட்கள் வந்த பிறகு களத்துமேட்டிலும் இதே பேச்சு. பேசுகிறவர்களில் நம் தோழர்களும் சிலர் இருப்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

துப்புவது அசிங்கந்தான். ஆனால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரை வெற்றிலைச் சாற்றால் சிவப்பாக்கியவன் பாட்னாவிலிருந்தா வந்தான்? பத்துப் பேர் ஓர் அறையில் படுப்பது பீகாரின் பண்பாடும் அல்ல; காண்டிராக்டர் பிடித்துக் கொடுத்த அறையின் அளவு அது. வறுமைக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுவது முதலாளிக்குச் சௌகரியமான வித்தை.

பழக்கம் உண்மையிலேயே வேறுபடும் இடங்களும் உண்டு. நம்மில் மாமன் மகளைக் கட்டுவது உரிமை. கொடுக்காவிட்டால் வெட்டுக்குத்து வரை போகும். பீகார் கிராமத்து இந்துவிடம் இதைச் சொன்னால், "தங்கையையா கட்டினாய்?" என்று திகைப்பான். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று தடுத்து, வழக்கம் இருந்தால் செல்லும் என்று விலக்கும் வைத்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் கல்யாணம் செல்லாமல் போயிருக்கும்!

அதுவும் 'வடக்கன்' என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். ஒடிசாக்காரன் சோற்றில் நீரூற்றி வைத்துச் சாப்பிடுகிறான். நம் பழையதுதான் அது. ஜார்க்கண்ட் சந்தாலுக்கு இந்தி தாய்மொழி அல்ல. 1925-ல் ரகுநாத் முர்மு ஆக்கிய தனி எழுத்தே அவன் மொழிக்கு உண்டு. பீகாரிகளிலும் கைனியைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர்.

பம்பாயில் இந்த அடியை நாம் பட்டிருக்கிறோம். 1966-ல் சிவசேனை பிறந்தபோது தமிழன் கட்டிய லுங்கியே குற்றப்பத்திரிகை. லுங்கிக்காரனை விரட்டினால் மராத்தியனுக்கு வேலை என்றார்கள். அடுத்த அடி யார்மேல் விழுந்தது? 1970 ஜூனில் பரேல் மில் பகுதியின் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. தோழர் கிருஷ்ண தேசாய் கொலையுண்டார். அவரும் மராத்தியர்தான்! அந்த மில்கள் நின்ற நிலத்தில் இன்று கடைமாளிகைகள். லுங்கியா அந்த மில்களை மூடியது?

வழக்கம் என்றால் எதையும் வணங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கிடையாது. தஞ்சையில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் பண்ணை வழக்கம் என்றுதான் மிராசுதார்கள் நடத்தினார்கள். 1940-களில் செங்கொடி அதை எதிர்த்து நின்றது. டீக்கடை இரட்டைக் குவளைக்கும் அதே பெயர்தான். மனிதன் முதுகை வளைக்கிற வழக்கம் தெற்கில் இருந்தாலும் வடக்கில் இருந்தாலும் எதிர்ப்போம். ரொட்டி தின்பதும், சட் பூஜையன்று ஆற்றில் நின்று சூரியனைக் கும்பிடுவதும் யார் முதுகை வளைத்தன?

"குறைந்த கூலிக்கு வருகிறானே!" இதுதான் உள்ளே இருக்கிற கோபம். கோபம் நியாயம், விலாசம்தான் தப்பு. அந்தக் கூலியை நிர்ணயித்தவன் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் சம கூலி, பயணப்படி என்று 1979-லேயே சட்டம் எழுதினார்கள். எத்தனை காண்டிராக்டர் கொடுத்தான்? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். அங்கே தமிழனைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். இங்கே பீகாரியைக் காட்டி.

தோழர்களே, அடுத்த கேட் மீட்டிங் நோட்டீசை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் அடியுங்கள். அந்தப் பத்துப் பேர் படுக்கும் அறைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.