கருப்பொருள் பட்டியலில் இடம்பெறாத சிலந்தி

கீழவைப்பாரைப் பாடவரும் கவிஞருக்குக் கடல் தெரிகிறது, முத்துக்குளிப்பு தெரிகிறது, உப்பளம் தெரிகிறது. ஊருக்குப் பின்னால் உடைமரங்கள் நிற்கும் வறண்ட தரை மட்டும் 'வெறும் பொட்டல்' ஆகிவிடுகிறது. திணைக் கோட்பாட்டை உலகுக்களித்தோம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், ஒரு நிலத்தை இரண்டே சொற்களில் தள்ளிவிடுவது எந்தத் திணை ஒழுக்கம்?

பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன் 1885இல், பெல்லாரி மாவட்டத்திலும் இராமநாதபுரத்திலும் திரட்டப்பட்ட சிலந்திகளைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு சிலந்திக்குச் 'சீனாப்டிகஸ் புல்கர்' என்று பெயரிட்டார். 'புல்கர்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'அழகிய' என்று பொருள். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது வலை கட்டிக் காத்திருப்பதில்லை. தரையில் ஓடித் திரிவது. 'வெல்வெட் எறும்பு' என்று வழங்கப்படும் பூச்சியைப் போன்ற தோற்றம் கொண்டது. அந்தப் பூச்சியோ உண்மையில் எறும்பன்று. சிறகில்லாத பெண் குளவி. அதனிடம் ஒருமுறை கொட்டுப்பட்ட பிராணி அந்த நிறத்தையும் புள்ளியையும் மறப்பதில்லை. கொடுக்கில்லாத சிலந்தி, அந்த அச்சத்தின் நிழலில் பிழைத்துக்கொள்கிறது.

'எட்டுக்கால் பூச்சிக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு?' என்று சிலர் கேட்கக்கூடும். சங்கப் புலவர் கேட்கவில்லை. மழை நனைத்த முல்லை நிலத்தில் ஊரும் செந்நிற மூதாயை அவர் குனிந்து பார்த்தார். அதுவும் எட்டுக்காலி, சிலந்திக்கு உறவு. தொல்காப்பியரும் கருப்பொருள்களை எண்ணிவிட்டு, அவை போன்ற பிறவும் அடங்கும் என்று கதவைத் திறந்தே வைத்தார். அதை அடைத்தவர்கள் நாம்தாம்; தேர்வுக்கு மனப்பாடம் செய்யத்தக்க அட்டவணையாக்கி அடைத்தோம்.

இது வெறும் இரசனைக் குறைபாடன்று. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்புகள் புதர்நிலத்தையும் தரிசுக் கணக்கில்தான் சேர்த்தன. 'ஒன்றுமில்லாத இடம்' என்று எழுதப்பட்ட மண்ணில் இயந்திரம் இறங்கும்போது, எதை இழந்தோம் என்று கேட்க ஆளிருக்காது. அரசுக் கோப்பும் நவீன கவிதையும் ஒரே சொல்லைக் கையாளுமானால், கவிஞன் எதற்கு?

குழு அமைத்து இச்சிலந்திக்கு ஒரு கலைச்சொல்லை வார்க்க வேண்டியதில்லை. அந்தத் தரையில் ஆடு மேய்ப்பவர்களிடமும் விறகு வெட்டுபவர்களிடமும் போய், ஊர்வனவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுவோம். நெய்தல் குறித்து அடுத்த ஆய்வேட்டைத் தொடங்குமுன் தமிழ்த்துறைகள் செய்யவேண்டிய வேலை அதுவே.