எங்கள் ஊருக்கும் காலை எட்டு மணி உண்டு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அன்றாடப் பயணிகள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

இரு மாவட்ட ஆட்சியர்கள், அரசுப் போக்குவரத்துக் கழகம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள், தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டம் ஆகியோரின் கவனத்துக்கு.

வேலைக்குப் போய்வரும் அலுப்பைக்கூட அளந்து பார்த்திருக்கிறார்கள். 2011-இல் ஐபிஎம் நிறுவனம் உலகின் 20 பெருநகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து, எந்த ஊர்ப் பயணம் ஆளை அதிகம் வாட்டுகிறது என்று பட்டியல் போட்டது. மெக்சிகோ நகரம் முதலிடத்தில் வந்தது. பெங்களூரும் டெல்லியும் முன்வரிசையில் இருந்தன. கனடாவின் மான்ட்ரியல் கடைசி. 2024-ஆம் ஆண்டுக்கு டாம்டாம் நிறுவனம் வெளியிட்ட கணக்கில் 10 கிலோமீட்டர் கடக்கக் கொல்கத்தாவில் 34 நிமிடம் 33 விநாடி, பெங்களூரில் 34 நிமிடம் 10 விநாடி. விநாடி சுத்தமாகக் கணக்கு இருப்பதால், அந்த ஊர்க்காரர்கள் மெட்ரோ கேட்கும்போதும் பேருந்து கேட்கும்போதும் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேச முடிகிறது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்படி நெரிசல் கிடையாது. பேருந்தில் ஏறிவிட்டால் எங்கள் 10 கிலோமீட்டர் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஏறுவதுதான் பாடு. பெருநகரத்துப் பயணி வண்டிக்குள் உட்கார்ந்து தவிக்கிறார். நாங்கள் வண்டி வருமா என்று சாலையோரம் நின்று தவிக்கிறோம். இந்தத் தவிப்புக்குப் பட்டியலும் இல்லை, விநாடிக் கணக்கும் இல்லை. ஆகவே முதல் கோரிக்கையே எண்ணிக்கைதான். பெரம்பலூரின் புதிய, பழைய பேருந்து நிலையங்கள், நான்கு ரோடு, குன்னம், அரியலூர் பேருந்து நிலையம், செந்துறை, வி.கைகாட்டி, ஜெயங்கொண்டம் ஆகிய இடங்களில் பள்ளி நடக்கும் ஒரு வாரம் முழுக்க, காலை 7 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை நிமிடம், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று எண்ண வேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போதும். செலவு தாளும் பேனாவும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இரண்டு மாவட்டமும் சேர்ந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இத்தனை பேரின் காலை நேரத்தை எண்ண ஒரு வாரம் ஒதுக்குவதில் தாமதம் ஏன் என்பதே எங்கள் கேள்வி.

இரண்டாவது, காலை 7.30-க்கும் 9.15-க்கும் இடையில் பெரம்பலூர்–அரியலூர், பெரம்பலூர்–வேப்பந்தட்டை, பெரம்பலூர்–குரும்பலூர், அரியலூர்–செந்துறை, அரியலூர்–ஜெயங்கொண்டம் வழித்தடங்களில் கூடுதல் நடைகள் வேண்டும்; மாலையில் பள்ளி, கல்லூரி விடும் நேரத்துக்கும் அவ்வாறே. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் அரசு கொடுத்திருக்கிறது, நல்லது. பாஸ் இருக்கிறது, பஸ் இல்லை. கூட்டத்தோடு வரும் வண்டி நிறுத்தத்தைத் தாண்டி நூறடி தள்ளி நிற்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பை உள்ளே போய்விடும், பையன் படியில் தொங்குவான். உட்கார இடம் கிடைத்த அம்மாவின் மடியில் ஏழெட்டுப் பைகள். எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. இறங்கும்போது ஒவ்வொருவனும் வெளியிலிருந்து நிறம் சொல்லிக் கேட்டு வாங்குகிறான். படியில் பயணிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி குற்றம். அந்தப் பிரிவைக் காட்டி மாணவனைக் கண்டிக்கும் முன், அவன் ஏற வேண்டிய அடுத்த வண்டி எங்கே என்று பார்க்க வேண்டும். நடை ரத்தானால் அதையும் அன்றே பேருந்து நிலையப் பலகையில் எழுதிப் போடுங்கள். அரை மணி நேரம் வெயிலில் நிற்பவருக்கு வராத வண்டியைப் பற்றிய உண்மையாவது சேர வேண்டும்.

திங்கட்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வாரத்தின் கடினமான காலை அதுதான், காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததே. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும். ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டமும் திங்கள்தான். வார விடுமுறைக்கு ஊருக்குப் போன விடுதி மாணவர்கள் திரும்புவதும் அன்று காலையே. மனுவோடு ஒரு பெரியவர், அர்ச்சனைத் தட்டோடு ஒரு குடும்பம், துணிப்பையோடு நான்கு மாணவிகள் எல்லோரும் ஒரே வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். மற்ற நாள் அட்டவணையே திங்களுக்கும் என்றால் கூட்டம் தாங்காது. திங்கள் காலைக்கு மட்டும் தனி அட்டவணை வேண்டும் என்பது மூன்றாவது கோரிக்கை. குறை தீர்க்கும் கூட்டத்துக்கு வந்துசேர்வதே ஒரு குறையாக இருக்கலாமா?

நான்காவது, பெண்களின் பயணக் கட்டணம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது. சென்னையில் ஒரு பெண் தாம்பரத்திலிருந்து பிராட்வே வரை சாதாரணப் பேருந்தில் காசில்லாமல் போய்வரலாம். ஏறத்தாழ அதே தூரம்தான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும். ஆனால் இங்கே ஓடுவது புறநகர்ப் பேருந்து, ஆகவே டிக்கெட். துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் தனியார் பள்ளியிலும் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் போகவர ஆகும் பணம் மாதக் கடைசியில் சம்பளத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தூரம் ஒன்று, வேலைக்குப் போகும் தேவை ஒன்று, சலுகை மட்டும் வேறு. இரு மாவட்டத் தலைநகரங்களுக்கும் இடையிலும், வட்டத் தலைநகரங்களுக்கும் காலை மாலை நேரங்களிலாவது நகரப் பேருந்துக் கட்டண விதிப்படி வண்டிகளை ஓட்டுங்கள். திட்டம் புதிதாக வேண்டியதில்லை, இருப்பதை நீட்டினால் போதும்.

ஐந்தாவது கோரிக்கையை நாங்கள் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம். இதில் தாமதத்தின் விலை உயிர். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மண் இது. அதனால் கிடைத்த சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசு சிமென்ட் ஆலையும், பின்னர் தனியார் ஆலைகள் பலவும் அரியலூரைச் சுற்றி வந்தன. வேலை கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பரும், ஆலையிலிருந்து சிமென்ட் கொண்டுபோகும் லாரியும், பள்ளிக்குப் போகும் சைக்கிளும் காலை எட்டரை மணிக்கு ஒரே சாலையில் போகின்றன. வி.கைகாட்டி பக்கம் பாருங்கள்: தார்ப்பாய் சரியாகக் கட்டாத டிப்பர் கடந்த பின் சில நொடிகளுக்கு முன்னால் போகும் வண்டி தெரியாது. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்த பெண் முந்தானையால் முகத்தையும், மடியிலுள்ள குழந்தையின் முகத்தையும் சேர்த்து மூடிக்கொள்கிறார். சாலையோரம் கல் சிதறிக் கிடக்கும். இருசக்கர வாகனம் ஓரம் ஒதுங்கினால் சறுக்கும், ஒதுங்காவிட்டால் இன்னும் மோசம்.

ட்ரிப் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநர் வேகமாகத்தான் ஓட்டுவார். அவரைத் திட்டிப் பயனில்லை, நேரத்தை மாற்றுங்கள். பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 5.30 வரையும் அரியலூர் நகருக்குள்ளும், ஜெயங்கொண்டம், செந்துறை, கீழப்பழுவூர் சாலைகளிலும் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகள் ஓடக் கூடாது. இப்படித் தடைவிதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இடம் தருகிறது. சென்னையில் நெரிசல் நேரத்தில் கனரக லாரிகளை நகருக்குள் விடுவதில்லை. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? தடை என்பது விபத்து நடந்த வாரத்தோடு தளர்ந்துபோகும் வாய்வழி உத்தரவாக இல்லாமல், நிரந்தர அறிவிப்பாக வெளியாக வேண்டும். தடை நேரத்தில் லாரிகளை ஆலைகள் தங்கள் வளாகத்துக்குள் நிறுத்தட்டும், சாலையோரத்தில் வரிசைகட்ட வேண்டாம். எடையைப் பொறுத்தவரை 2019 திருத்தத்துக்குப் பின் அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். சுரங்க வாசலிலேயே எடை பார்த்து அனுப்பினால் அந்த அபராதத்துக்கே வேலை இருக்காது.

அடுத்தது ரயில். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. நாமக்கல், துறையூர், பெரம்பலூர் வழியாக அரியலூருக்குப் பாதை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை நாங்கள் விட்டுவிடவில்லை. தண்டவாளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையை இப்போது கேட்கிறோம். பல்லவன், வைகை விரைவு ரயில்கள் அரியலூரில் நிற்கின்றன. முன்பதிவில்லாப் பயணிகள் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 2024 பிப்ரவரியில் 30 ரூபாயிலிருந்து பழையபடி 10 ரூபாயானது. மலிவான வண்டி இருக்கிறது, அதைப் பிடிக்கப் பெரம்பலூரிலிருந்து ரயில் நேரம் பார்த்துப் புறப்படும் பேருந்துதான் வேண்டும். ரயில் நிலைய வாசல் வரை போகும் அந்தப் பேருந்து, ரயில் தாமதமானால் காத்திருந்து ஆளை ஏற்றிவர வேண்டும். காலையும் மாலையும் ஓடும் முன்பதிவில்லா வண்டிகளில் கூடுதல் பெட்டிகளைத் திருச்சி கோட்டம் சேர்க்க வேண்டும். செந்துறையிலும் சில்லக்குடியிலும் ஏறுகிறவர்கள் திருச்சி வரை நின்றுகொண்டே போகக் கூடாது.

பெரிய பேருந்து போகாத ஊர்களுக்கு 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டம் வழி சொல்கிறது; ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். எந்தெந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்று ஊராட்சிகளிடம் கேட்டு, இரு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே வரைபடம் போட்டு, வழித்தடங்களை வெளிப்படையாக அறிவியுங்கள்.

இரவுக்கு ஒரு கோரிக்கை. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் போகும் தொலைதூரப் பேருந்துகள் பல, பெரம்பலூர் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே ஆளை இறக்கிவிடுகின்றன. பதினோரு மணிக்கு மேல் பெட்டியோடு இறங்கும் பெண், ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போன் செய்து யாரையாவது வரவழைக்க வேண்டும். எந்தெந்தப் பேருந்துகள் ஊருக்குள் வந்தே தீர வேண்டும் என்ற பட்டியலைப் பேருந்து நிலையத்தில் ஒட்டுங்கள். இறக்கிவிடும் இடத்தில் விளக்கும், காவல்துறை ரோந்தும் இந்த மாதமே வேண்டும். பேருந்து நிலையங்களில் பூட்டிக் கிடக்காத பெண்கள் கழிப்பறை வேண்டும் என்பதையும் இதே பத்தியில் சேர்த்துவிடுகிறோம். அதற்குத் தனிக் காரணம் எழுத வேண்டிய நிலை வரக் கூடாது.

கடைசிக் கோரிக்கை, இத்தனையையும் யார் செய்வது என்பதற்கு. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-இல் அரியலூர் பிரிந்தது, மறு ஆண்டே மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. எல்லை மாறியது, காலையில் போகிற ஆளும் சாலையும் மாறவில்லை. குன்னத்துக்காரர் பெரம்பலூர் மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதியோ சிதம்பரம், வேலை அரியலூரில். அவர் பெரம்பலூரின் டிஎன்-46 வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புகார் சொல்ல வேண்டுமா, அரியலூரின் டிஎன்-61 அலுவலகத்திலா? சென்னைக்கு எல்லாப் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்க 2010 சட்டத்தின்கீழ் ஒரு குழுமமே இருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம். இரு ஆட்சியர்கள், இரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், பணிமனை மேலாளர்கள், ரயில்வே பிரதிநிதி, பயணிகள் தரப்பில் பெண்களும் மாணவர்களும் உட்பட ஆறு பேர் ஆகியோரைக் கொண்ட ஒரு கூட்டுக் குழு போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒருமுறை பெரம்பலூரிலும் அடுத்த முறை அரியலூரிலும் கூடி, என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று எழுத்தில் வெளியிட வேண்டும்.

காலக்கெடு: பயணிகள் எண்ணிக்கை, திங்கட்கிழமை அட்டவணை, லாரி நேரத் தடை, பைபாஸ் விளக்கு ஆகிய நான்குக்கும் புதிய பேருந்தோ பெரிய நிதியோ தேவையில்லை. 30 நாட்களுக்குள் முடிக்கலாம். கூடுதல் நடைகள், ரயில் நேரப் பேருந்து, மினி பேருந்து வழித்தடங்கள் வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஓடத் தொடங்க வேண்டும். பெண்களுக்கான கட்டண நீட்டிப்பு குறித்து அரசுக்குப் போகும் கருத்துருவின் நகல் எங்களுக்கும் வேண்டும். இந்தச் சாசனத்தின் படிகளை இரண்டு ஆட்சியரகங்களிலும் ஒரே திங்கட்கிழமை கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்கிறோம். 30 நாள் கழித்து வரும் திங்கட்கிழமை அந்த எண்களோடு வருவோம். எழுத்தில் பதில் தயாராக இருக்கட்டும்.