அனாதையும் கைம்பெண்ணும்



வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் இரண்டு வாரம் தங்கித் தொண்டு செய்ய விரும்பும் இளையோர், புறப்படும் முன் பங்குத்தந்தையைத் தேடி வருவதுண்டு. இத்தகைய நற்செய்திப் பணிப் பயணங்களை ஏற்பாடு செய்யும் பல குழுக்கள் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கின்றன. நல்ல பிள்ளை, ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர் என்று எழுதி, கையொப்பமிட்டு, ஆசீர் அளித்து அனுப்புகிறோம். போகிற பிள்ளையைப் பற்றி எழுதுகிறோம். அங்கே இருக்கிற குழந்தையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

கம்போடியாவில் நடந்ததை அறிந்த பிறகு, அப்படிக் கையொப்பமிடுவது எளிதாக இல்லை.

கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் அந்நாட்டில் ஏராளம். ஆனால் அது 1970களின் துயரம். 2005 முதல் 2010 வரை நாடு அமைதியாக இருந்தது. அங்கோர் வாட்டைக் காணப் பயணிகள் பெருகினர். அந்த ஐந்தே ஆண்டுகளில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. 2011ஆம் ஆண்டு யுனிசெஃப் இதை ஆராய்ந்தபோது, அந்த இல்லங்களில் இருந்த நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தது தெரியவந்தது. இல்லங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு நன்கொடையில் நடந்தவை. கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தியவையும் அவற்றுள் பல. பார்க்க வந்தவர்கள் பணம் கொடுத்தார்கள். அவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டுமானால், உள்ளே குழந்தைகள் இருக்க வேண்டும். படிப்பும் மூன்று வேளைச் சோறும் உண்டு என்று சொன்னதை நம்பி ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். பாசம் இல்லாமல் அல்ல, வேறு வழி இல்லாமல். 2015ஆம் ஆண்டு அரசு கணக்கெடுத்தபோது, 406 இல்லங்களில் 16,579 குழந்தைகள் இருந்தனர். அவர்களில் 30 விழுக்காட்டினரைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப அரசே இலக்கு வைக்க வேண்டியதாயிற்று.

போன இளையோரின் மனத்தில் கபடம் இல்லை. நல்ல மனத்தோடு போனார்கள், நெகிழ்ந்து திரும்பினார்கள். "முதல் நாளே குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், ஃபாதர்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் வீட்டில் வளரும் பிள்ளை அப்படிச் செய்வதில்லையே! புதியவரைக் கண்டால் அம்மாவின் பின்னால் அல்லவா ஒளிந்துகொள்ளும்? யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது, நிலையான உறவு கிடைக்காத பிள்ளையிடம் காணப்படும் அறிகுறி என்கிறார்கள் குழந்தைநல வல்லுநர்கள். தாயன்பை இழந்து நிறுவனங்களில் வளரும் குழந்தைக்கு நேரும் பாதிப்பைப் பற்றி ஜான் பவுல்பி என்ற மனநல மருத்துவர் 1951ஆம் ஆண்டே உலக நலவாழ்வு நிறுவனத்திற்கு அறிக்கை தந்தார். இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிறோம். அடுத்த மாதம் வேறொரு குழு வருகிறது. அந்தக் குழந்தை எத்தனை முறைதான் விடைகொடுக்கும்?

அனாதைகளைக் கவனிப்பதே மாசற்ற சமயம் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். அவர் அனாதைகளையும் கைம்பெண்களையும் ஒரே மூச்சில் சொல்கிறார் (யாக் 1:27). விவிலியத்தில் அனாதை என்பது பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளை. அதன் தாய்தான் அந்தக் கைம்பெண். அந்த இருவரையும் பிரித்து, பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு தாயைக் குடிசையிலேயே விட்டுவருவது யாக்கோபு சொன்ன பணி ஆகுமா? நயீன் ஊரில் இயேசு இறந்த இளைஞனை எழுப்பினார். தம்மோடு வரும்படி அவனை அழைக்கவில்லை. தாயிடம் ஒப்படைத்தார் (லூக் 7:15). மறையுரையில் நாம் அவ்வளவாகத் தொடாத இடம் இது.

இல்லங்களில் ஆயுள் முழுவதும் உழைத்த அருள்சகோதரிகளை நாம் குறைகூறவில்லை. உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் உண்டு. அவர்களை வேறு எவரும் ஏற்காதபோது ஏற்றவர்கள் அச்சகோதரிகள். இதில் மாற்றுவழி காட்டியவர்களும் சகோதரிகளே. உகாண்டாவின் துறவியர் கூட்டமைப்பு 2016ஆம் ஆண்டு, தங்கள் சபைகள் நடத்தும் இல்லங்களையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. சகோதரிகள் சமூகப்பணி படித்தார்கள். பிள்ளையின் ஊர் எது, பாட்டி யார், சித்தப்பா எங்கே இருக்கிறார் என்று தேடிப் போனார்கள். பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட்டால் மட்டும் போதாது. அங்கே அடுப்பு எரிய வேண்டும், பிறகும் போய்ப் பார்த்து வர வேண்டும். சாம்பியா, மலாவி நாடுகளின் துறவியரும் இப்பணியில் இணைந்தனர். 2020ஆம் ஆண்டு உரோமையிலுள்ள பெண் துறவற சபைத் தலைவியரின் உலக ஒன்றியம் இதைத் தன் பணியாக ஏற்றது. பிள்ளைகள் இல்லாத இல்லத்திற்கு நன்கொடை கேட்பது கடினம் என்பது அச்சகோதரிகளுக்குத் தெரியாததல்ல.

குழந்தைகள் இல்லங்களில் நடைபெறும் இத்தகைய தொண்டுப் பயணங்களின் தீமைகளை, 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவையும் தன் தீர்மானத்தில் சுட்டிக்காட்டியது.

ஆகவே அடுத்த முறை கடிதம் கேட்டு வரும் இளைஞரை உட்காரச் சொல்லி, நாமும் சில கேள்விகள் கேட்போம். அந்த இல்லத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறார்? சென்ற ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? நீங்கள் போவது குழந்தைகளோடு விளையாடவா, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு உங்கள் தொழிலைக் கற்றுத்தரவா? பதில் தெரியவில்லை என்றால், அந்த இல்லத்திற்கே எழுதிக் கேட்கச் சொல்வோம். பதில் வந்தபின் கடிதம் எழுதுவோம்.