ஒழுங்கு விதி ஒட்டியாயிற்று. ஆசிரியர் பட்டியல் எங்கே?

புதிய பள்ளித் தவணை என்றால் தோட்டத்துப் பெற்றோருக்குச் செலவுக் காலம். சட்டை, காலணி, புத்தகப் பை, பஸ் கட்டணம் என்று கைக்கு வந்த சம்பளம் கையிலே நிற்காது. 2022 முதல் 2024 வரை மார்ச்சில் தொடங்கிய பள்ளியாண்டு, 2025-ல் பிப்ரவரிக்கு வந்து, 2026-ல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. மாதம் மாறியது; நாம் சொல்ல வந்த குறை மாறவில்லை.

முதல் நாள் பள்ளி வாசலில் அறிவிப்புப் பலகை நிற்கிறது. முடி இவ்வளவுதான் வளரலாம், நகம் வெட்டியிருக்க வேண்டும், மணி அடிக்குமுன் வரிசையில் நிற்க வேண்டும், தாமதமாய் வந்தால் பெயர் குறிக்கப்படும், கைத்தொலைபேசி கொண்டு வரக்கூடாது. நல்லது. ஒழுங்கு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். ஆனால், "நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் இன்னும் வரவில்லை" என்பதே பல பள்ளிகளில் கிடைக்கும் பதில். எப்போது வருவார்? அதற்குப் பதில் இல்லை.

பிள்ளை செய்ய வேண்டியதற்குப் பட்டியல் உண்டு. பிள்ளைக்குச் செய்ய வேண்டியதற்குப் பட்டியல் இல்லை. இது என்ன நியாயம்?

இது இன்று முளைத்த வியாதியன்று. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923-ல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வைத்தார்கள். பாடம் சொன்னவர் யார்? பல தோட்டங்களில் கிராணியும் கங்காணியுந்தான், தம் வேலை போக மீந்த நேரத்தில்! சட்டம் பிள்ளைகளை எண்ணியது, ஆசிரியரை எண்ணவில்லை. அன்று அந்த எண்ணிக்கையில் விழுந்த ஓட்டை இன்னும் முழுதாய் அடைபடவில்லை.

நாடு விடுதலை பெற்ற 1957-ல் எண்ணூறுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள், இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது, மக்கள் பட்டணம் பெயர்ந்தார்கள். எஞ்சியவற்றுள் பல, 150 பிள்ளைகளுக்கும் குறைந்த சிறு பள்ளிகள். அறுபது ஆசிரியர் உள்ள நகரத்துப் பள்ளியில் ஒருவர் மாற்றலானால், மற்றவர் அந்தச் சுமையைப் பங்கிட்டுக் கொள்வர். எட்டு ஆசிரியர் உள்ள தோட்டத்துப் பள்ளியில் ஒருவர் போனால், பள்ளியில் எட்டில் ஒரு பங்கே போயிற்று. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது சரியா?

ஆசிரியர் இல்லாத வகுப்பில் என்ன நடக்கிறது? ஒரு நாள் பிள்ளைகளைப் பிரித்து மற்ற வகுப்புகளில் உட்கார வைக்கிறார்கள். மறுநாள் சட்டாம்பிள்ளையிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதச் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை வேலை ஏதுமின்றிக் காலை முழுதும் வாய்மூடி இருக்குமா? பேசும், அடித்துக் கொள்ளும். உடனே 'ஒழுங்கீனம்' என்று பதிவாகிறது. பெற்றோருக்குக் கடிதம் வருகிறது. நாற்காலி காலியாய் இருந்த குற்றத்துக்குப் பெஞ்சில் இருந்தவனுக்குத் தண்டனை!

தோழர்களே, நம் தொழிலைக் கொண்டே பாருங்கள். ஒரு நிரையை மாதத்துக்கு ஒரு கை மாற்றி வெட்டவிட்டால் என்ன ஆகும்? ஒருவன் ஆழ வெட்டுவான். ஒருவன் பட்டையைத் தடிமனாய்ச் சீவுவான். கத்தி மரத்தில் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாய் வளரும். அது சீராக ஆண்டுகள் பல ஆகும். தோட்ட நிர்வாகம் மரத்துக்கு இந்தக் கேட்டை அனுமதிப்பதில்லை. நம் பிள்ளை மரத்தினும் மலிவா?

ஆசிரியர் மேல் நமக்குப் பகை இல்லை. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர். அவருக்கும் குடும்பம் உண்டு. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிந்து கிடப்பவர் மாற்றல் கேட்பது குற்றமன்று. போகிறவர் போகட்டும், வருகிறவர் வந்து பொறுப்பை ஏற்றபின் போகட்டும். பால் நிறுக்கிற கிராணியைக்கூட, மாற்று ஆள் வராமல் எந்த நிர்வாகமும் விடுவதில்லையே!

ஒழுங்கு விதி பள்ளிக்கும் உண்டு என்பதை நினைவூட்டுகிறோம். 1959-ஆம் ஆண்டின் பள்ளிக்கூட ஒழுங்கு விதிகளின்படி, பிரம்படி தரும் அதிகாரம் தலைமையாசிரியருக்கோ அவர் அதிகாரம் அளித்த ஆசிரியருக்கோதான். பெண்பிள்ளைக்குப் பிரம்படியே கூடாது. கைக்கு வந்ததை எடுத்து அடிப்பது கண்டிப்பன்று, விதி மீறல்.

தாமத விஷயமும் அப்படியே. காலைக் குளிரில்தான் பால் நன்றாய் இறங்கும் என்பதால், விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிறவர்கள் நாம். பிள்ளையை எழுப்பிக் கிளப்புவது பாட்டியோ அக்காளோ. பெயர் குறிப்பதற்கு முன் காரணத்தைக் கேட்பதால் பள்ளியின் மானம் போய்விடாது.

நம்மவருக்கும் சொல்ல உண்டு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், ஒட்டுப்பால் பொறுக்கவும் பள்ளிப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆசிரியர் கண்டித்தார் என்று கேட்டதும், குடித்த வாயோடு பள்ளி வாசலில் போய் நின்று கத்துவது வீரமன்று. அந்த வெட்கத்தைச் சுமப்பது நம் பிள்ளைதான். வீட்டில் கெட்ட வார்த்தை பேசிவிட்டு, பள்ளியில் அவன் பேசினான் என்று ஆச்சரியப்பட்டுப் பயனில்லை. இராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது, "இன்று என்ன பாடம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆசிரியர் வந்தாரா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

நாம் கேட்பவை இவை:

1. ஒழுங்கு விதி ஒட்டும் பலகையிலேயே, எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர் என்ற பட்டியலும் முதல் நாளே ஒட்டப்பட வேண்டும். காலியிடம் இருந்தால் 'காலி' என்று வெளிப்படையாய் எழுத வேண்டும்.

2. மாற்று ஆசிரியர் வராமல், சிறு பள்ளியிலிருந்து எவரையும் விடுவிக்கக் கூடாது.

3. தற்காலிக ஆசிரியரைப் போட்டால், அந்தப் பள்ளியாண்டு முடியும்வரை அதே வகுப்பில் வைத்திருக்க வேண்டும்.

4. வீடில்லை என்பதால் ஆசிரியர் வரத் தயங்கும் இடத்தில், பூட்டிக் கிடக்கும் தோட்டத்து வீடுகளில் ஒன்றை நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? முதல் கோரிக்கைக்கு ஒரு தாளும் நாலு ஆணியும் போதும்!

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த வாரமே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும். பிறகு மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போக வேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போகும், எழுத்தில் கேளுங்கள். தேதி போடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நகல் ஒன்றைக் கமிட்டிக் கோப்பில் வையுங்கள். கடிதம் எழுதக் கிராணிமார் இருக்கிறோம். கையொப்பமிடப் பால்வெட்டுத் தோழர்கள் இருக்கிறீர்கள்.

பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் முன்னால் வந்து நிற்க ஆசிரியரை அனுப்புங்கள்!