பார்லர் புட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு காவிரியில் குளிப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. தேய்ப்பவர் கையில் இருப்பது நல்லெண்ணெயா, வேறா என்பதை மூக்கே சொல்லிவிடும். தலைமுடியை நேராக்க பார்லரில் பூசும் கலவையைப் பற்றி மூக்கு எதுவும் சொல்லாது. சில சமயம் புட்டியின் லேபிளும் சொல்லாது.

2010இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர பார்லர் ஊழியர்களுக்குக் கண் எரிந்தது, மூச்சு திணறியது, மூக்கில் ரத்தம் வந்தது. அவர்கள் பயன்படுத்திய 'பிரேசிலியன் புளோஅவுட்' புட்டியில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதியிருந்தது. ஆரிகன் மாநில ஆய்வகத்தில் சோதித்தபோது, சராசரியாக 8 விழுக்காட்டுக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது. பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இருப்பதும் இதே வேதிப்பொருள்தான். புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே இதை வகைப்படுத்திவிட்டது. கலவை பூசிய முடியைச் சூடான இரும்பால் இழுக்கும்போது இது ஆவியாகிறது. வாடிக்கையாளர் சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். பார்லரில் வேலை செய்யும் பெண்ணோ, ஏசி அறையின் மூடிய கதவுக்குள் தினமும் அதைச் சுவாசிக்கிறார். இந்த விஷயத்தில் முதலில் கவலைப்பட வேண்டியது அவரைப் பற்றித்தான்.

ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்தது கிளைஆக்சிலிக் அமிலம். இதிலும் சிக்கல் இருக்கிறது. 26 வயதுப் பெண் ஒருவர் இந்த அமிலம் கலந்த கிரீமால் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, முதுகுவலியோடு அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை எழுதிய மருத்துவர்கள், அதே கிரீமை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள். எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன.

முடி நேராக்கும் பொருள்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததாக 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. காரணம் இவைதான் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கையாக இருக்க அந்தத் தொடர்பே போதும்.

தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடும் கண்ணுக்குத் தெரியாததுதான். பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்தது. நீரைச் சோதித்து அளவு தெரிந்ததால்தான், ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பார்லர் புட்டிக்கும் அப்படிப்பட்ட சோதனை தேவை. அழகுசாதனப் பொருள்களுக்கு இந்தியாவில் 2020ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன; உள்பொருள்களை லேபிளில் எழுத வேண்டும். ஆனால் லேபிளே பொய் சொல்லக்கூடும் என்பதைப் போர்ட்லண்ட் காட்டிவிட்டது. ஆகவே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பெருநகரங்களில் மட்டுமல்ல, பென்னாகரம் போன்ற ஊர்களின் பார்லர்களிலும் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும்.

அதுவரை, லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூச யாரும் சம்மதிக்க வேண்டாம். பூசும்போது உச்சந்தலை எரிந்தால் உடனே கழுவச் சொல்ல வேண்டும். அடுத்த சில நாள்களில் வாந்தியோ முதுகுவலியோ வந்தால், சிறுநீர் குறைந்தால், மருத்துவரிடம் பார்லருக்குப் போய்வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றவே தோன்றாது.