யூ இல்லாத க்யூ

மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு இது. சீனாவின் ஷியான் நகருக்கு அருகே, 1974இல் கிணறு தோண்டியபோது கிடைத்த சுடுமண் படைவீரர்களைப் பற்றிய கட்டுரை. அவர்களைத் தன் சமாதிக்குக் காவலாகச் செய்து வைத்த பேரரசரின் வம்சத்துக்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: க்யூ, ஐ, என். யோசிக்காமல் ‘குயின் வம்சம்’ என்று எழுதிவிட்டேன். மறுவாரம் ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார்: ‘பேரரசர் என்கிறீர்கள், குயின் என்கிறீர்கள். அவர் ஆணா, பெண்ணா?’ ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. கார்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது ‘சின்’. 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட ரோமன் எழுத்து முறையில், நம் ‘ச்ச’வுக்குக் கிட்டத்தட்ட வரும் ஓர் ஒலிக்கு க்யூவை ஒதுக்கிவிட்டார்கள். என்னைக் கெடுத்தது பள்ளிக்கூடப் பாடம். க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களே! யூவைக் காணோம் என்றதும், கை தானாகவே அதைச் சேர்த்துவிட்டது.

அன்றிலிருந்து யூ துணையில்லாமல் க்யூ வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அகராதியில் அவை ஏராளம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ பயணம் செய்து வந்தது.

‘கனாத்’ - ஈரானின் நிலத்தடி நீர்க் கால்வாய். மலையடிவாரத்து ஊற்றிலிருந்து மைல் கணக்கில் சுரங்கம் வெட்டி, நீர் தானாகவே சரிந்து ஊருக்கு வரும்படி செய்த அமைப்பு. பம்பு வேண்டாம், வெயிலில் ஆவியாகும் கவலையும் இல்லை. இதே தொழில்நுட்பம் நம் பீதரிலும் புர்ஹான்பூரிலும் இருக்கிறது. ‘கிப்லா’ - தொழுகையின்போது நோக்கும் மெக்காவின் திசை. ‘காதி’ - இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்பு சொல்பவர். நாம் காஜி என்போம். புர்கா, நிகாப், தலாக், கவ்வாலி எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

வடதுருவப் பக்கமிருந்து வந்தது ‘கிவியுத்’. கஸ்தூரி எருதின் மேல்முடிக்கு அடியில் வளரும் மென்மையான உள்ரோமம். ‘கிந்தர்’ அல்பேனியாவின் சில்லறைக் காசு. ‘குவெர்ட்டி’ எந்த நாட்டுச் சொல்லும் அல்ல. டைப்ரைட்டரின் மேல்வரிசையில் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்துப் படித்ததுதான். இருந்தும் அகராதியில் ஏறிவிட்டது. ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கு இவை பொக்கிஷம். க்யூ கட்டைக்குப் பத்துப் புள்ளி. யூ கட்டைகளோ ஆட்டத்தில் மொத்தம் நான்குதான். சீனர்கள் உயிராற்றலைக் குறிக்கும் ‘சி’ என்ற ஈரெழுத்துச் சொல்லை அமெரிக்க ஆட்டப் பட்டியலில் 2006இல் சேர்த்தபோது, க்யூவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்கள் பிழைத்தார்கள்.

யூ எப்படித்தான் ஒட்டிக்கொண்டது? பழைய ஆங்கிலத்தில் குயினுக்கே க்யூ கிடையாது. சி, டபிள்யூ போட்டு எழுதினார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் பழகிய எழுத்தர்கள் க்யூ-யூ என்று மாற்றினார்கள். அந்த வழக்கம் ரோமானியருடையது. அவர்களுக்கும் முன்னால், பினீசியரிடம் இந்த எழுத்துக்கு ‘கோஃப்’ என்று பெயர். எபிரேய எழுத்தின் பெயராக அந்தச் சொல் ஆங்கில அகராதியில் இருக்கிறது. பாருங்கள், அதிலும் க்யூவுக்குப் பின்னால் யூ இல்லை!

கோஃபின் சகோதரன் அரபியில் ‘காஃப்’. அடிநாக்கு உள்நாக்கைத் தொட்டுப் பிறக்கும் ஆழ்ந்த ‘க’. அரபியில் சாதாரண ‘க’வும் தனியாக உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஆங்கிலத்தில் க்யூவை எடுத்துக்கொண்டார்கள். இராக்கின் கடைசியிலும் கத்தாரின் முதலிலும் நிற்பது அதுதான்.

நமக்கு இருப்பது ஒரே ‘க’. இந்த ஆழ்ந்த காஃப் உள்ள சொற்கள் உருது, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! பாக்கி, நகல், கைதி, தாலுகா, கிஸ்தி, கசாப்பு. மளிகைக்கடைப் பாக்கியை அரபுச் சொல் என்று யார் நினைக்கிறார்கள்? ஆங்கிலம் விருந்தாளியின் சட்டையை மாற்றாமல் வைத்திருக்கிறது. தமிழ் வேட்டி கட்டி உட்கார வைத்துவிட்டது. இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல், தமிழில் ஊறிய பெயர் மறுபடி ஆங்கிலத்துக்குப் போகும்போது வருகிறது. காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபின் பட்டத்தில் இருப்பது காஃப்தான். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பழக்கதோஷத்தில் பின்னால் ஒரு யூவைச் சேர்த்துவிட்டார்கள். தலைவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. சாதாரண மனிதருக்கு உண்டு.

எங்கள் தெரு தையல்காரரின் மகன் பெயர் காதர். பள்ளிச் சான்றிதழில் கே. பாஸ்போர்ட்டில், யாரோ விவரமறிந்தவர் சொன்னபடி, க்யூ. கத்தாரில் வேலை கிடைத்தது. இரண்டு காகிதத்திலும் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். அஃபிடவிட், கெசட் அறிவிப்பு என்று மூன்று மாதம் ஓடியது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார். அலுவலகத்துக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். “சார், தப்பு கேயிலயா, க்யூவிலயா?” என்று கேட்டார். இரண்டும் சரி என்றேன். அந்தப் பதில் அவருக்கு உதவவில்லை.

பிறகு வேறு வேலை கிடைத்துப் போனார். பிறந்த மகனுக்குப் பெயர் வைக்கும் முன் என்னிடம் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: ஆங்கிலத்தில் ஒரே மாதிரிதான் எழுத முடிகிற பெயர் எது? என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் க்யூ சொற்கள்தான் இருந்தன. மூடி வைத்துவிட்டேன்.